ஆமைக்குப் பாடம் சொன்ன குழந்தைகள்



சில நாள்களுக்கு முன் எங்கள் பள்ளிக்கு ஒரு சிறிய பெட்டி வந்து சேர்ந்தது. திறந்து பார்த்தால், மஞ்சளும் கறுப்பும் கலந்த தேனீ வடிவத்தில் ஒரு பொம்மை. அதன் முதுகில் அம்புக்குறி போட்ட நான்கு பொத்தான்கள். நடுவே 'புறப்படு' என்று சொல்ல ஒரு பச்சைப் பொத்தான். முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் அதைச் சூழ்ந்துகொண்டார்கள். எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், எத்தனை தடவை நகர வேண்டும் என்பதையெல்லாம் பொத்தான்களை அழுத்தி முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பிறகு பச்சைப் பொத்தானைத் தொட்டால், சொன்னபடியே தேனீ தரையில் நகரும். சொன்னதில் தவறு இருந்தால், அந்தத் தவற்றின்படியே நகரும்.

பள்ளி விட்டதும் மகனை அழைத்துப்போக வந்த தாய் ஒருவர், வகுப்பு வாசலில் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேலைக்காட்டுக்குப் போய்த் திரும்பிய களைப்பு அவர் முகத்தில் தெரிந்தது. "ஏங்க டீச்சர், எம்மவன் இன்னும் எழுத்துக்கூட்டியே படிக்கிறான். அவனுக்குப் போயி இந்தப் பொம்மைய காட்டுறீங்களே, இதனால என்னங்க பலன்?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. அன்று நின்ற நிலையில் நான் சொன்ன பதில் எனக்கே நிறைவளிக்கவில்லை. அந்தப் பொம்மைத் தேனீக்கு முன்னோர் உண்டு. எழுபது ஆண்டுகளுக்கும் மேலான வரலாறு உண்டு. அந்த வரலாற்றைத் தெரிந்துகொண்டால்தான் அந்தத் தாயின் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்ல முடியும். ஆகவே, இன்று அந்த வரலாற்றையே உங்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

நம் கதை இங்கிலாந்து நாட்டின் பிரிஸ்டல் நகரில் தொடங்குகிறது. இரண்டாம் உலகப் போர் முடிந்த சில ஆண்டுகளில், அஃதாவது 1948, 1949-ஆம் ஆண்டுகளில், வில்லியம் கிரே வால்ட்டர் என்ற மூளை ஆராய்ச்சியாளர் இரண்டு சிறிய இயந்திரங்களைச் செய்தார். சக்கரங்களின்மேல் ஓடு கவிழ்த்தாற்போல் இருந்ததாலும், மெல்ல ஊர்ந்ததாலும் அவற்றை ஆமைகள் என்றே அழைத்தார்கள். அவற்றுக்கு எல்மர், எல்சி என்று பெயர்களும் இட்டார்கள். அந்நாளைய வானொலிப் பெட்டிகளில் இருந்தது போன்ற கண்ணாடிக் குழாய்கள் இரண்டே இரண்டுதாம் ஒவ்வோர் ஆமைக்கும் மூளை. இருந்தும் அவை வெளிச்சத்தைத் தேடிப் போயின. ஏதேனும் முட்டினால் விலகிச் சென்றன. மின்கலம் சோர்ந்தால், விளக்கெரியும் தம் கூட்டுக்குத் திரும்பி மின்சாரம் ஏற்றிக்கொண்டன. 1951-ஆம் ஆண்டு லண்டனில் நடைபெற்ற பிரிட்டன் விழாவில் மக்கள் இத்தகைய ஆமைகளை வியந்து பார்த்தார்கள்.

இந்த ஆமைகள் தம் போக்கில் தாமே சென்றன. வேடிக்கை பார்ப்பதைத் தவிர குழந்தைகளுக்கு அங்கே வேலை ஒன்றுமில்லை. ஆமையிடம் குழந்தை பேசலாம், அதற்குப் பாடமும் சொல்லலாம் என்ற எண்ணம் பிறக்க இன்னும் இருபது ஆண்டுகள் ஆயின. அந்த எண்ணத்தைச் செயலாக்கியவர்களில் முதன்மையானவர் சீமோர் பேப்பர்ட்.

பேப்பர்ட் 1928-ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியா நகரில் பிறந்தார். மிகச் சிறு வயதிலேயே மோட்டார் வண்டியின் பல்சக்கரங்கள் மீது அவருக்கு அளவில்லாத ஆசை. ஒரு சக்கரம் சுழன்றால் அடுத்தது எத்தனை முறை சுழலும் என்று மனத்துக்குள்ளேயே சுழற்றிப் பார்ப்பாராம். பின்னாளில் பள்ளியில் பெருக்கல் வாய்பாடு வந்தபோது, அந்தச் சக்கரங்களே தமக்குத் துணைநின்றதாக அவர் எழுதியிருக்கிறார். இளைஞரானதும் அந்நாட்டின் நிற ஒதுக்கல் கொள்கையை எதிர்த்தவர்களின் வரிசையில் நின்றார். கணிதத்தில் பட்டங்கள் பெற்று, 1958-ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தின் ஜெனீவா நகருக்குச் சென்று, ஜான் பியாஜே என்ற அறிஞருடன் பணியாற்றத் தொடங்கினார்.

பியாஜேயின் பெயரை ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் தேர்வுக்காக மனப்பாடம் செய்தவர்களில் நானும் ஒருத்தி. அவர் சொன்னதன் பொருள் விளங்கியதோ, வகுப்பில் பிள்ளைகளோடு சில ஆண்டுகள் கழித்த பிறகுதான். ஒரே அளவு தேநீரை அகலமான கிண்ணத்திலிருந்து உயரமான குவளைக்கு மாற்றி ஊற்றுங்கள். நான்கைந்து வயதுக் குழந்தை, "இதிலதான் நெறைய இருக்கு" என்று உயரமான குவளையைக் காட்டும். நாம் எத்தனை முறை திருத்திச் சொன்னாலும் கேட்காது. இன்னும் சில ஆண்டுகளில், எவரும் சொல்லிக் கொடுக்காமலே, "ரெண்டும் ஒண்ணுதான்" என்று அதுவே சொல்லும். குழந்தையின் மனம் நாம் ஊற்றி நிரப்புகிற வெற்றுக் குடமன்று. தொட்டும் பார்த்தும் தவறியும் தன் அறிவைத் தானே கட்டிக்கொள்கிறது என்று பியாஜே காட்டினார்.

பேப்பர்ட் இந்தக் கருத்தை எடுத்துக்கொண்டு 1960-களில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் வந்து சேர்ந்தார். அந்தக் காலத்துக் கணினிகள் ஓர் அறையை அடைத்து நின்ற பெரும் பொறிகள். பல்கலைக்கழகங்களும் பெரிய நிறுவனங்களும் இராணுவமும் மட்டுமே வைத்திருந்தன. பள்ளிக்கூடத்துக்குக் கணினியைக் கொண்டுவரலாம் என்று எண்ணிய சிலரும், கேள்வி கேட்டுப் பதிலைத் திருத்தும் வாத்தியாராகவே அதை எண்ணினார்கள். அஃதாவது, கணினி கட்டளையிடும், குழந்தை கீழ்ப்படியும். பேப்பர்ட் இந்த ஏற்பாட்டைத் தலைகீழாகத் திருப்பினார். குழந்தை கட்டளையிடட்டும், கணினி கீழ்ப்படியட்டும் என்றார்.

நேயர்களே, இந்த இடத்தில் சற்று நின்று சிந்திக்க வேண்டும். நம் பாட்டன்மார்கள் விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் வரிசையாக நின்றவர்கள். இன்று எந்த நிரை, எந்த வேலை என்பதைப் பிறர் சொல்லக் கேட்டுப் புறப்பட்டவர்கள். கட்டளையை ஏற்றுச் செய்வதில் நம்மவர்களுக்கு நூறாண்டுப் பழக்கம் உண்டு. கட்டளையை யோசித்து வகுக்கும் வாய்ப்புத்தான் மிகக் குறைவு. அதனால்தான் பேப்பர்ட்டின் அந்தத் திருப்பம் எனக்கு வெறும் பாடமுறையாகத் தோன்றவில்லை.

1967-ஆம் ஆண்டு, வாலி ஃபோர்சைக், சீமோர் பேப்பர்ட், சிந்தியா சாலமன் ஆகியோர் சேர்ந்து குழந்தைகளுக்கென்றே ஒரு கணினி மொழியை உருவாக்கினார்கள். அதற்கு 'லோகோ' என்று பெயர். சொல் என்னும் பொருளுடைய கிரேக்க மொழிச் சொல்லிலிருந்து எடுத்த பெயர் அது. இவர்களுள் சிந்தியா சாலமன் அலுவலகச் செயலாளராக வேலை பார்த்துக்கொண்டே கணினிக்குக் கட்டளை எழுதும் கலையைத் தாமாகக் கற்றுக்கொண்டவர். 1968-ஆம் ஆண்டு முதல் லெக்சிங்டன் என்ற ஊரின் பள்ளி ஒன்றில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் ஓராண்டுக் காலம் லோகோவில் பயின்றார்கள். அப்போது ஆமை இன்னும் வரவில்லை. தட்டச்சுப் பொறி போன்ற கருவியின் முன் அமர்ந்து, சொற்களையும் எண்களையும் வைத்தே விளையாடினார்கள்.

அதைவிடச் சின்னக் குழந்தைகள் கண்ணால் பார்க்கவும் கூடவே நடக்கவும் ஏதேனும் வேண்டும் அல்லவா? கிரே வால்ட்டரின் பழைய ஆமை அப்போது நினைவுக்கு வந்தது. 1970-ஆம் ஆண்டை ஒட்டி மாசசூசெட்ஸ் கழகத்தில் ஒரு புதிய ஆமை பிறந்தது. இந்த ஆமையின் வயிற்றில் ஓர் எழுதுகோல் இருந்தது. தரையில் தாளை விரித்து ஆமையை விட்டால், போகும் வழியெல்லாம் கோடு போடும். "முன்னே 100" என்றால் நூறு அளவு முன்னே செல்லும். "வலம் 90" என்றால் நின்ற இடத்திலேயே வலப்பக்கமாக 90 பாகை திரும்பும். இந்த இரண்டு கட்டளைகளையும் நான்கு முறை சொன்னால், தாளில் ஒரு சதுரம் விழும்.

"சதுரம் என்றால் என்ன?" என்று நாம் கேட்டால், "நான்கு பக்கமும் சமம், நான்கு கோணமும் செங்கோணம்" என்று பிள்ளை ஒப்பிக்கும். ஆமைக்குச் சதுரத்தைச் சொல்லிக்கொடுக்க வேண்டுமானால் ஒப்பித்தால் போதாது. தானே ஆமையாக மாறி நடந்து பார்க்க வேண்டும். பேப்பர்ட்டும் அவர் தோழர்களும் குழந்தைகளிடம், "உனக்கு வழி தெரியவில்லையா? நீயே ஆமையாக இருந்து பார்" என்பார்கள். குழந்தை எழுந்து நாலடி நடக்கும், திரும்பும், மறுபடி நடக்கும். கால் கற்றுக்கொண்டதை வாய் சொல்லும். வாய் சொன்னதை ஆமை செய்யும்.

இனி, தவறு நேரும்போது என்ன நடக்கிறது என்று பார்ப்போம். சமபக்க முக்கோணத்தின் ஒவ்வொரு கோணமும் 60 பாகை என்பது நமக்குத் தெரியும். ஆகவே, "முன்னே 100, வலம் 60" என்று மூன்று முறை சொன்னால் முக்கோணம் வரும் என்றே பெரியவர்களும் நினைப்பார்கள். சொல்லிப் பாருங்கள். முக்கோணம் வராது. வாய் திறந்த கிண்ணம்போல, அறுகோணத்தின் பாதிதான் வரும். ஏன்? ஆமை திரும்புவது உள்ளே இருக்கும் கோணத்தை அன்று. வெளியே இருக்கும் கோணத்தை. 180-இல் 60 போக மீதி 120. ஆக, 120 பாகை திரும்ப வேண்டும். மூன்று திருப்பங்களையும் கூட்டினால் 360. அஃதாவது ஒரு முழுச் சுற்று. சதுரத்தின் நான்கு திருப்பங்களைக் கூட்டினாலும் அதே 360தான். இந்த உண்மையைக் குழந்தை புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே, தன் தவற்றின் வழியாகக் கண்டுபிடித்துவிடுகிறது.

நான் படித்த காலத்தில் கணக்குத் தவறினால் நோட்டில் சிவப்பு மையால் பெருக்கல் குறி விழும். சில சமயம் உள்ளங்கையிலும் ஒன்று விழும். ஏன் தவறியது, எந்த அடியில் தவறியது என்று திரும்பிப் பார்க்க எனக்குத் தோன்றியதே இல்லை. பக்கத்தைப் புரட்டிவிட வேண்டும் என்ற அவசரமே இருக்கும். கணினிக்கு நிரல் எழுதும் நிபுணர்களோ, முதல் முயற்சியிலேயே எல்லாம் சரியாக வரும் என்று எதிர்பார்ப்பதில்லை. பிழை வரும், தேட வேண்டும், திருத்த வேண்டும், மறுபடி ஓட்டிப் பார்க்க வேண்டும். பேப்பர்ட் குழந்தைகளிடம் வளர்க்க விரும்பிய பழக்கம் இதுதான். "நான் மக்கு" என்று சொல்லும் பிள்ளையை, "எந்த இடத்தில் பிசகியது?" என்று கேட்கும் பிள்ளையாக மாற்ற வேண்டும் என்பதே அவர் நோக்கம்.

எழுதப் படிக்கத் தெரியாத மழலைகள் என்ன செய்வார்கள்? அதற்கும் ஒரு பெண்மணி வழி கண்டார். ரேடியா பெர்ல்மன் என்ற இளம் மாணவி, 1970-களின் நடுவில், மூன்று முதல் ஐந்து வயதுவரையுள்ள குழந்தைகளுக்காக ஒரு பொத்தான் பெட்டியைச் செய்தார். எழுத்தே வேண்டாம், ஒவ்வொரு பொத்தானும் ஆமைக்கு ஒரு கட்டளை. பிறகு, படம் போட்ட அட்டைகளை வரிசையாகச் செருகி வைக்கும் பெட்டி ஒன்றையும் அமைத்தார். அட்டைகளை அடுக்கிப் பொத்தானை அழுத்தினால், அடுக்கிய வரிசைப்படி ஆமை ஒவ்வொன்றாகச் செய்யும். இன்றைய பொம்மைத் தேனீக்கு இதுவே பாட்டி எனலாம். பின்னாளில் உலகெங்கும் கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் வலையமைப்புகளுக்கு அடிப்படையான ஒரு முறையை 1985-ஆம் ஆண்டில் வகுத்துத் தந்தவரும் இதே பெர்ல்மன்தான்.

1980-ஆம் ஆண்டு பேப்பர்ட் 'மைண்ட்ஸ்டார்ம்ஸ்' என்ற நூலை வெளியிட்டார். விலை மலிந்த சிறு கணினிகளும் அதே காலத்தில் வந்தன. தரையில் ஊர்ந்த ஆமை கணினித் திரையில் ஒரு சிறு முக்கோணமாகக் குடியேறியது. பல நாட்டுப் பள்ளிகளில் லோகோ நுழைந்தது. குழந்தைகளின் அறிவு இனிப் பன்மடங்கு பெருகிவிடும் என்று பலர் நம்பினார்கள்.

அந்த நம்பிக்கைக்கு ஒரு சோதனையும் வந்தது. நியூயார்க் நகரின் பேங்க் ஸ்ட்ரீட் கல்வியியல் கல்லூரியைச் சேர்ந்த ராய் பீ, மிடியன் கர்லண்ட் என்ற இரு ஆய்வாளர்கள் ஓர் ஆய்வு நடத்தினார்கள். ஏறத்தாழ ஓராண்டு லோகோ பயின்ற பிள்ளைகளிடமும், பயிலாத பிள்ளைகளிடமும், வகுப்பறையைத் துப்புரவு செய்யும் வேலைகளுக்குத் திட்டமிடச் சொன்னார்கள். எதை முதலில் செய்வது, எதை அடுத்துச் செய்வது, நடையை எப்படிக் குறைப்பது என்று யோசிக்க வேண்டும். லோகோ பயின்ற பிள்ளைகள் மற்றவர்களைவிடச் சிறப்பாகத் திட்டமிடவில்லை என்பதே 1984-ஆம் ஆண்டு வாக்கில் வெளியான முடிவு. கணினியைக் கொடுத்துவிட்டால் போதும், சிந்தனை தானாக வளர்ந்துவிடும் என்று எண்ணியவர்களுக்கு இது பெரிய ஏமாற்றம்.

பேப்பர்ட் இதற்கு 1987-ஆம் ஆண்டு மறுமொழி எழுதினார். கருவியை மட்டும் தனியே எடுத்து, அது நன்மை செய்ததா என்று கேட்பதே பிழையான கேள்வி. அதைச் சுற்றி என்ன நடக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும் என்பது அவர் வாதம். ஆசிரியர் கூடவே இருந்து, "ஏன் இப்படிச் செய்தாய்? இதே வழியை வேறெங்கே பயன்படுத்தலாம்?" என்று கேட்டுக் கேட்டு நடத்திய வகுப்புகளில் நல்ல பலன் கிட்டியதை வேறு ஆய்வுகள் காட்டின.

பால்வெட்டு தெரிந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. கத்தி எவ்வளவு கூர்மையாக இருந்தாலும், பழகாத கையில் கொடுத்தால் மரத்தில் காயம்தான் விழும். பட்டையின் ஆழம் தெரிந்த ஒருவர் பக்கத்தில் நின்று, கையைப் பிடித்துக் காட்ட வேண்டும். பொம்மைத் தேனீயும் அப்படித்தான். பக்கத்தில் ஆசிரியரோ பெற்றோரோ இல்லையென்றால், சில நாளில் அது மூலையில் கிடக்கும் மற்றொரு பொம்மையே.

இந்த உண்மையை நன்கு உணர்ந்து நடந்த ஒரு சிறிய நாட்டையும் இங்கே குறிப்பிட வேண்டும். நடு அமெரிக்காவில் உள்ள கோஸ்டா ரிக்கா, காப்பித் தோட்டங்களும் வாழைத் தோட்டங்களும் நிறைந்த நாடு. 1987-ஆம் ஆண்டு அங்கே ஒமார் டெங்கோ அறநிறுவனம் தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டு முதல், தொடக்கப் பள்ளிகளில் லோகோ வழியாகக் கணினிக் கல்வி பரவியது. தலைநகரத்துப் பள்ளிகளோடு நில்லாமல், நாட்டுப்புறத்து ஏழைப் பிள்ளைகளின் பள்ளிகளுக்கும் அது சென்றது. பெட்டிகளை இறக்கிவிட்டுப் போய்விடாமல், ஆசிரியர்களுக்கும் பயிற்சி அளித்தார்கள். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இது எட்டாத கனி என்று எவரேனும் சொன்னால், கோஸ்டா ரிக்காவை நினைத்துக்கொள்ளுங்கள்.

அதன்பின் ஆமையின் சந்ததி பல்கிப் பெருகியது. 1998-ஆம் ஆண்டில் டென்மார்க் நாட்டின் லெகோ நிறுவனம், கட்டைகளை இணைத்துக் குழந்தைகளே ரோபோ செய்யும் கருவியைக் கொண்டுவந்து, பேப்பர்ட் நூலின் பெயரையே அதற்குச் சூட்டியது. 2007-ஆம் ஆண்டில் மிட்செல் ரெஸ்னிக் குழுவினர், எழுத்துக்குப் பதிலாக வண்ணக் கட்டங்களை அடுக்கி நிரல் எழுதும் 'ஸ்கிராட்ச்' மொழியை இலவசமாக வெளியிட்டார்கள். இங்கிலாந்தில் 2014-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல், ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கும் இப்பாடம் பாடத்திட்டத்தில் இடம்பெற்றது. 2016-ஆம் ஆண்டில் பிரிட்டனில் ஏறத்தாழ பத்து லட்சம் பிள்ளைகளுக்கு, 'மைக்ரோபிட்' என்ற உள்ளங்கை அளவுச் சிறு கணினி இலவசமாகக் கொடுக்கப்பட்டது. சிங்கப்பூரில் 160 பாலர் பள்ளிகளுக்குத் தேனீ வடிவப் பீ-பாட், மரக் கட்டைகளை அடுக்கிக் கட்டளையிடும் கிபோ முதலிய கருவிகள் சென்றன. அங்குள்ள குழந்தைகள் கிபோவுக்கு இசையும் நடனமும் சொல்லிக்கொடுத்து ஆடவிட்டார்கள்.

இதற்கிடையில், 2006-ஆம் ஆண்டு ஜேனட் விங் என்ற கணினிப் பேராசிரியை ஒரு கட்டுரை எழுதினார். கணினி அறிஞர்கள் ஒரு சிக்கலை அணுகும் முறை, வாசிப்பும் எழுத்தும் கணக்கும் போல எல்லாருக்கும் வேண்டிய திறமை என்று அதில் வாதாடினார். அதற்குக் கணிமைச் சிந்தனை என்று பெயர். பேப்பர்ட் தம் 1980-ஆம் ஆண்டு நூலிலேயே வழங்கிய தொடர்தான். இவர் கட்டுரைக்குப் பிறகு உலகமெங்கும் பரவியது. நம் மலேசிய நாட்டிலும் 2017-ஆம் ஆண்டு முதல் பள்ளிப் பாடத்திட்டத்தில் இது சேர்க்கப்பட்டது.

கணிமைச் சிந்தனை என்றதும் மலைத்துவிட வேண்டாம். பால்மரத்தில் வேலை செய்தவர்கள் அதை நன்கு அறிவார்கள். முதலில் கோட்டுப்பாலை உரிக்க வேண்டும். பிறகு பட்டையைச் சீவ வேண்டும். பிறகு மங்கைச் சரியாக வைக்க வேண்டும். வரிசை மாறக்கூடாது. ஒரு மரம் முடிந்ததும் அடுத்த மரத்தில் அதையே திரும்பச் செய்ய வேண்டும். நிரை முடியும் வரை இப்படியே. மழையில் பட்டை நனைந்திருந்தால் வெட்டக்கூடாது. வரிசை முறை, திரும்பச் செய்தல், 'இப்படியானால் அப்படிச் செய்' என்னும் நிபந்தனை: இந்த மூன்றும்தான் எந்தக் கணினி நிரலுக்கும் எலும்புக்கூடு. பெரிய வேலையைச் சிறு சிறு வேலைகளாகப் பிரிப்பதும், திரும்பத் திரும்ப வரும் ஒழுங்கைக் கண்டுகொள்வதும் இதனோடு சேரும்.

நம் வீட்டு வாசலில் இன்னும் ஒரு சான்று உண்டு. புள்ளிக் கோலம் போடும் பெண்கள், எந்தப் புள்ளியில் தொடங்கி எப்படி வளைந்து எங்கே திரும்ப வேண்டும் என்பதைத் தாளில் எழுதி வைத்துக்கொள்வதில்லை. அந்த ஒழுங்கு அவர்கள் கையில் இருக்கிறது. தாம்பரத்தில் உள்ள சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும், ராணி சிரோமணி, கமலா கிருதிவாசன் ஆகியோரும் இந்தக் கோலங்களின் ஒழுங்கைக் கணினி அறிவியலின் இலக்கணமாக வகுத்து, 1974-ஆம் ஆண்டில் உலக அறிஞர்களின் முன் வைத்தார்கள். ஆமை தாளில் கோடு போடக் கற்றுச் சில ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது. நம் பாட்டிமார்களின் கோலம் அதற்கு எத்தனை காலம் முந்தியது!

பெற்றோர்களே, இதற்கெல்லாம் ரோபோ வாங்க வேண்டுமே என்று கவலைப்பட வேண்டாம். வீட்டு முற்றத்தில் சுண்ணாம்புக் கட்டியால் ஐந்துக்கு ஐந்தாக இருபத்தைந்து கட்டங்கள் வரையுங்கள். ஒரு மூலையில் பிள்ளை நிற்கட்டும். எதிர் மூலையில் ஒரு மாம்பழத்தை வையுங்கள். நடுவே இரண்டு மூன்று கட்டங்களில் செருப்பையோ கல்லையோ தடையாகப் போடுங்கள். அண்ணனோ அக்காவோ பழத்துக்குப் போகும் வழியை முதலில் தாளில் அம்புக்குறிகளாக எழுத வேண்டும். எழுதி முடித்த பிறகே நடை தொடங்க வேண்டும். எழுதியதை ஒருவர் வாசிக்க, நிற்கும் பிள்ளை அப்படியே நடக்க வேண்டும். வழி தவறினால் திட்ட வேண்டாம். பதிலையும் சொல்லிவிட வேண்டாம். "எந்த அம்புல பிசகுச்சு, பாரு" என்று மட்டும் கேளுங்கள். இந்த ஒரு கேள்வியில்தான் பாடமே இருக்கிறது.

பேப்பர்ட் 2006-ஆம் ஆண்டின் இறுதியில் வியட்நாமின் ஹனோய் நகரில் சாலை விபத்தில் சிக்கி, மூளையில் பலத்த காயமுற்றார். குழந்தைகள் எப்படிக் கற்கிறார்கள் என்று ஆராய்ந்தவர், பேசுவதையே மீண்டும் கற்க வேண்டிய நிலைக்கு ஆளானார். 2016-ஆம் ஆண்டு ஜூலை 31-ஆம் நாள் காலமானார். அவர் தரையில் விட்ட ஆமை இன்னும் ஊர்ந்துகொண்டிருக்கிறது. அதன் பேரப்பிள்ளை ஒன்று எங்கள் தோட்டத்துப் பள்ளிக்கும் வந்துவிட்டது.

அந்தத் தாய் கேட்ட கேள்விக்கு வருகிறேன். அவர் மகன் மறுநாள் தேனீக்கு வழி சொன்னான். தேனீ அவன் நினைத்த கட்டத்துக்குப் போகாமல், சுவரில் போய் முட்டியது. மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். "பொம்மை கெட்டுப்போச்சு டீச்சர்" என்றான் ஒருவன். இவன் தரையில் மண்டியிட்டு, தான் அழுத்தியதை விரல்விட்டு எண்ணிப் பார்த்தான். பிறகு, "இல்ல டீச்சர், அது சரியாத்தான் போச்சு. நாந்தான் ஒண்ணு கூடச் சொல்லிட்டேன்" என்றான். அழவில்லை, வெட்கப்படவும் இல்லை. மறுபடி அழுத்தினான். இம்முறை தேனீ போய்ச் சேர்ந்தது.

அம்மா, உங்கள் பிள்ளை இன்னும் எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறான். வாசிப்பை நாங்கள் விட்டுவிடவில்லை. அந்தத் தேனீ வாசிப்புக்கு ஈடாகவும் ஆகாது. ஆனால், ஒரு சொல்லில் தடுக்கி விழும்போது புத்தகத்தை மூடிவிடாமல், எங்கே தடுக்கினோம் என்று திரும்பிப் பார்க்கும் துணிவு அவனுக்கு வந்துவிட்டால், வாசிப்பும் வரும், கணக்கும் வரும். அந்தத் துணிவுக்காகத்தான் அவன் கையில் அந்தப் பொம்மையைக் கொடுத்தோம்.